வலது கீழ் மூலை

எங்கள் கிட்டார் ஆம்ப்ளிஃபயரில் முதலில் வாயைத் திறந்தது வலது கீழ் மூலைதான். மற்ற மூலைகளில் ரெக்ஸின் ஒழுங்காக ஒட்டிக்கொண்டிருக்க, அங்கே மட்டும் ஆட்டுக் காதுபோல மடிந்து தொங்கியது. அதற்குக் காரணம் நான். எனக்கு இடது கைதான் பழக்கம். பெட்டியை அணைத்துத் தூக்கினால் இடப்பக்கம் மேலே போகும், வலப்பக்கம் தாழும். இறக்கி வைக்கும்போது அந்த மூலைதான் தரையில் முதல் இடி வாங்கும். எங்கள் இசைக்குழுவில் எனக்குப் பாட்டும் வராது, தாளமும் நிற்காது. பெட்டி தூக்குவதுதான் என் வேலை.

கிட்டார் வாசிக்கும் என் அண்ணன் அதை ‘ஆம்ப்’ என்பார். குழுவில் மற்றவர்களுக்கு அது ‘கிட்டார் பெட்டி’. வேன் டிரைவர் மட்டும் ‘பச்சைப் பொணம்’ என்று சொல்லுவார். எடை அப்படி.

பச்சை என்றால் கரும்பச்சை. மேடையில் மற்றவர்களின் பெட்டிகள் எல்லாம் கறுப்பாக நிற்க, எங்களுடையது மட்டும் பஸ் சீட்டைப்போல உட்கார்ந்திருக்கும். உண்மையில் அது பஸ் சீட்தான். 1983-இல் திருச்சி மெயின்கார்டு கேட் பக்கம் ஒரு ரேடியோ மெக்கானிக் அண்ணனுக்கு அந்த ஆம்ப்பைக் கட்டிக் கொடுத்தார். இரண்டு 2என்3055 டிரான்சிஸ்டர், கையால் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர், பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் ஒன்று. நாற்பது வாட் என்றார்; முப்பதாவது இருந்திருக்கும். முக்கால் அங்குல பிளைவுட்டில் தச்சர் பெட்டி அடித்தார். மேலே போர்த்த ரெக்ஸினுக்கு, மெக்கானிக்கின் மச்சான் கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையிலிருந்து மீந்த துண்டைச் சுருட்டிக் கொண்டுவந்தார். அது எந்த நிறமோ, அதுவே எங்கள் நிறம். முதல் வருஷம் பெட்டி அருகே போனால் புதுப் பஸ்ஸில் ஏறிய வாசனை அடிக்கும்.

அண்ணனுக்கு அதில் கொஞ்சம் மனக்குறை உண்டு. அவருக்கு கார்ட் சொல்லிக் கொடுத்தவர் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்த ஆங்கிலோ இந்தியர் ஒருவர். நாங்கள் ‘அங்கிள்’ என்போம். அவர் வீட்டில் பழைய ஆங்கிலப் பத்திரிகைகள் கட்டுக்கட்டாக இருந்தன. அவற்றில் பீட்டில்ஸ் குழுவினர் பின்னால் நிற்கும் வாக்ஸ் பெட்டிகளை அண்ணன் பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்திருந்தார். “அங்கிள், அதெல்லாம் எவ்வளவு பளபளன்னு இருக்கு” என்று அண்ணன் ஒருநாள் பெருமூச்சு விட்டதற்கு அவர் சிரித்துவிட்டு, “அதுவும் ரெக்ஸின்தான்ப்பா, அவங்க ஊர் ரெக்ஸின்” என்றார்.

அது எவ்வளவு சரி என்று வெகுநாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. ரெக்ஸின் என்பதே இங்கிலாந்தில் மான்செஸ்டருக்குப் பக்கத்தில் ஹைட் என்ற ஊரில் இருந்த ஒரு நிறுவனத்தின் வணிகப் பெயர். துணியின் மேல் நைட்ரோ செல்லுலோஸ் பூசித் தோல்போலச் செய்தார்கள். பிற்பாடு பிவிசி பூசிய துணி வந்து அந்தப் பழைய சரக்கின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. பெயர் மட்டும் கப்பலேறி வந்து நம் ஊரில் தங்கி, பள்ளிக்கூடப் பையும் கல்யாண ஆல்பமும் சைக்கிள் சீட்டுமாகிவிட்டது. அமெரிக்காவில் ஃபெண்டர் கம்பெனி முதலில் முறுக்குநூல் துணியால் பெட்டிகளைப் போர்த்தி, 1960 வாக்கில் டோலெக்ஸ் என்ற வினைல் உறைக்கு மாறியது. பெட்டிக்கு உறை போடுவது சத்தத்துக்காக அல்ல. மரத்தை ஈரத்திலிருந்தும் இடியிலிருந்தும் காப்பாற்றத்தான். என்னைப் போன்றவர்களிடமிருந்தும் என்று சேர்த்துக்கொள்ளலாம்.

சத்தத்துக்கும் ரெக்ஸினுக்கும் சம்பந்தமில்லை என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம், 1986 பங்குனி வரை. லால்குடிப் பக்கம் ஒரு மாரியம்மன் கோவில் திருவிழா. ‘பயணங்கள் முடிவதில்லை’ படம் 1982-இல் வந்ததிலிருந்து அதில் கிட்டாரோடு தொடங்கும் பாட்டை வாசிக்காத கிட்டார்காரனுக்கு எந்த ஊரிலும் மரியாதை கிடையாது. அண்ணன் அதை நன்றாகவே வாசிப்பார். அன்றைக்கு ஆறாம் கம்பியில் ஜி சுரத்தைத் தொட்டபோதெல்லாம் ‘கிர்ர்ர்’ என்று ஓர் இரைச்சல் கூடவே வந்தது. தீப்பெட்டிக்குள் பொன்வண்டு மாட்டிக்கொண்டாற்போல. பாடகர் திரும்பி முறைத்தார். அண்ணன் சத்தத்தைக் குறைத்தார். இரைச்சலும் குறைந்ததே தவிர, போகவில்லை.

ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்று அண்ணன் முடிவே கட்டிவிட்டார். மறுநாள் மெக்கானிக் பின்பலகையைக் கழற்றி, இரண்டு உள்ளங்கைகளையும் ஸ்பீக்கர் காகிதத்தின் மேல் வைத்து மெதுவாக அமுக்கி, காதைக் கொடுத்துக் கேட்டார். காயில் எங்கும் உரசவில்லை. திருகுகளை இறுக்கினார். கைப்பிடியை இறுக்கினார். வலையை அடக்கி ஒட்டினார். பணம் வாங்கிக்கொண்டார். இரைச்சல் அப்படியே இருந்தது.

கண்டுபிடித்தது நான்தான். குழுவில் என் ஒரே சாதனை என்பதால் இதைக் கொஞ்சம் உரக்கவே சொல்லிக்கொள்கிறேன். ஒத்திகையின்போது பெட்டி பக்கத்தில் குந்தியிருந்தேன். முழங்கால் தற்செயலாக வலது கீழ் மூலையில் பட்டது. இரைச்சல் நின்றது. முழங்காலை எடுத்தேன், வந்தது. வைத்தேன், நின்றது. தொங்கிக்கொண்டிருந்த அந்தப் பச்சைக் காது விறைத்துப்போய், ஜி சுரத்துக்கு மட்டும் மரத்தோடு படபடவென்று அடித்துக்கொண்டிருக்கிறது.

“இதுக்கா ராத்திரியெல்லாம் தூங்காம கெடந்தேன்?” என்றார் அண்ணன்.

அன்று தொடங்கியது ஒட்டுகிற வேலை. அதைவிட, ஒட்டாமல் போகிற வேலை என்று சொல்லலாம். எதை வைத்து ஒட்டினாலும் இரண்டு கச்சேரிக்கு மேல் தாங்கவில்லை. கடைசியில் அண்ணன் பசையை நம்புவதை விட்டுவிட்டு உடம்பை நம்பினார். மேடையில் ஆம்ப்புக்கு முன்னால் முதுகு காட்டி நின்று, இடது குதிகாலைப் பின்னால் நீட்டி அந்த மூலையை அழுத்திக்கொள்வார். கீழேயிருந்து பார்க்கிறவர்களுக்கு அது ஒரு ஸ்டைலாகத் தெரிந்தது. எங்கள் ஊர்ப் பையன்கள் இரண்டு பேர் கிட்டாரே இல்லாமல் அப்படி நின்று பழகியதை நான் பார்த்திருக்கிறேன்.

பிறகு கீபோர்டு வந்தது. முதலில் ஒரு கீபோர்டு வயலின்காரர்களின் இடத்தைப் பிடித்தது. அடுத்தது தபலாவையும் டிரம்ஸையும் தனக்குள் போட்டுக்கொண்டு வந்தது. கிட்டாரின் முறை கடைசியாக வந்தாலும் வந்துவிட்டது. 1996-க்குப் பிறகு அண்ணன் மேடை ஏறவில்லை. பெட்டி பரணுக்குப் போனது. அதற்கு மேலே ஓட்டுக்கூரை. வெயிலில் காய்ந்து, இரவில் ஆறி, இருபத்தோரு வருஷம்.

2017-இல் வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பரணை ஒழித்தபோது பெட்டியை இறக்கினோம். வலது கீழ் மூலை என்று தனியாக ஒன்றும் இல்லை. முன் விளிம்பு முழுக்கக் கழன்று, பக்கவாட்டில் ஒரு சாண் அளவுக்கு உரிந்து, உள்ளே பிளைவுட் தெரிந்தது. அந்தப் பக்கவாட்டில் வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருந்த குழுப் பெயரின் கடைசி இரண்டு எழுத்துகள் உரிந்த தோலோடு தொங்கின. அண்ணன் ஒரு பார்வை பார்த்துவிட்டு, “பழைய இரும்புக்காரன் வந்தா ஸ்பீக்கரை மட்டும் கழட்டிக்கச் சொல்லு” என்று உள்ளே போய்விட்டார். நான் சொல்லவில்லை.

ரெக்ஸினைப் பற்றித் தெரிந்தவர் யார் என்று கேட்டால் இசைக்கருவிக் கடைக்காரர் இல்லை, குஷன் கடைக்காரர்தான். பாலக்கரைப் பக்கம் ஆட்டோ சீட், பைக் சீட், சலூன் நாற்காலி எல்லாம் தைத்துக் கொடுக்கும் பாய் ஒருவரின் கடைக்கு ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோனேன். அது ஐப்பசி மாதம். முந்தின நாள் ராத்திரி பிடித்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. பாய் உரிந்த தோலைப் புரட்டி, அடியில் இருந்த துணியை நகத்தால் சுரண்டினார்.

“இது பஸ் சரக்காச்சே. இப்ப இந்தத் துணியும் கெடையாது, இந்தப் பச்சையும் கெடையாது. மொத்தத்தையும் உரிச்சிட்டுக் கறுப்புல போட்டுத் தர்றேன், புதுசாட்டம் இருக்கும்.”

“வேண்டாம் பாய். இதையே ஒட்டணும்.”

அவர் என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். வாடிக்கையாளரின் கிறுக்குத்தனம் எந்த அளவுக்குக் காசாகும் என்று கணக்குப் பார்க்கிற பார்வை என்று நினைத்தேன். தப்பு. “அப்ப தை பொறக்கட்டும், வாங்க. இப்ப பசை தடவுனா வேர்த்துக்கும்” என்று பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

பசை வேர்ப்பதாவது! எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அது நிஜம். அவர் பயன்படுத்துவது நியோப்ரீன் வகைச் செயற்கை ரப்பரைக் கரைப்பானில் கரைத்த மஞ்சள் பசை. தடவியதும் கரைப்பான் சட்டென்று ஆவியாகும். ஆவியாகும்போது பசையின் மேற்பரப்பு குளிர்ந்துபோகும். மழைக்காலக் காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால், ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்பக்கம்போலப் பசையின் மேல் நீர் படியும். கண்ணுக்கு மெல்லிய வெள்ளைப் புகைச்சல் மாதிரித் தெரியும். அதன் மேல் எதை அழுத்தினாலும் பிடிக்காது.

ஒட்டின பெட்டியைக் கெடுத்தது எங்கள் கைதான் என்பது எனக்கு முழுதாக விளங்கியது தை மாதத்தில், பாய் என் கையில் உப்புத்தாளைக் கொடுத்தபோது. கடையில் ஆள் இல்லை, ஒரு பையன் லீவு. “நீங்களே தேய்ங்க தம்பி, பழைய பசை துளிகூட இருக்கக்கூடாது” என்றார். அதற்கு முன்பே ஸ்பீக்கரையும் உள்ளேயிருந்த எலெக்ட்ரானிக் தட்டையும் கழற்றி எடுத்திருந்தேன். வால்வு ஆம்ப்பாக இருந்திருந்தால் நான் தொட்டிருக்கவே மாட்டேன். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அவற்றின் கண்டென்சர்களில் நானூறு வோல்ட்டுக்கு மேல்கூடத் தங்கியிருக்கலாம், ஆளைத் தூக்கியடிக்கும்.

தேய்க்கத் தேய்க்க அந்த மூலையில் பசைகள் அடுக்கடுக்காக வெளிவந்தன.

எல்லாவற்றுக்கும் மேலே இன்சுலேஷன் டேப்பின் கறுப்புப் பிசுக்கு. அது 1995 அல்லது 96, கடைசிக் கச்சேரிகளில் ஒன்று. அப்போது யாருக்கும் அக்கறை இல்லை. அதற்கடியில் கண்ணாடிச் சில்லுபோல வெடித்த பசை. ஒரு சொட்டு விட்டால் விரலே ஒட்டிக்கொள்ளும் ரகம். அது காய்ந்தால் கல். அதிர்கிற பெட்டியில், வளைகிற ரெக்ஸினில் கல் எத்தனை நாள் நிற்கும்? அதை ஊற்றிய அன்று என் கட்டைவிரல் தோல் கொஞ்சம் பெட்டியோடு போனது. அந்தத் தோலும் இந்தத் தூளில் எங்காவது இருக்கும் என்று நினைத்துக்கொண்டே தேய்த்தேன்.

அதற்கும் கீழே கொழகொழவென்று ஒன்று. முப்பது வருஷமாகியும் காயவில்லை. உப்புத்தாளில் பூசிக்கொண்டதே தவிர உதிரவில்லை. எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, பஞ்சர் சொல்யூஷன். புதுக்கோட்டையில் ஒரு கல்யாண ரிசப்ஷன். பொண்ணு மாப்பிள்ளை மேடைக்கு வந்தாகிவிட்டது, கச்சேரி தொடங்கவில்லை என்று பெண்வீட்டுச் சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வருகிறார். நான் மண்டபத்துக்கு எதிரே இருந்த சைக்கிள் கடைக்கு ஓடி, ஒரு டியூப் வாங்கிவந்து பிதுக்கி, தேய்த்து, உடனே அழுத்தினேன். முதல் பாட்டு முடியும் முன்னே காது தொங்கிவிட்டது. பாயிடம் இதைச் சொன்னேன்.

“ரெக்ஸின்ல எண்ணெய் இருக்கு தம்பி. அது எறங்கி வந்து அந்த சொல்யூஷனைத் தின்னுரும்” என்றார்.

எண்ணெய் என்று அவர் சொன்னது பிவிசியை வளையவைக்கச் சேர்க்கும் குழைமத்தை. அது இல்லாவிட்டால் பிவிசி தண்ணீர்க் குழாய்போல விறைத்திருக்கும். அந்தத் திரவம் ரெக்ஸினுக்குள் சும்மா இருப்பதில்லை. கொஞ்சங்கொஞ்சமாகக் கசிந்து பக்கத்தில் இருப்பதற்குள் போகும். சாதாரண ரப்பர் பசையை இளக்கிச் சளியாக்கிவிடும். வெளியேறிய பிறகு ரெக்ஸின் விறைத்துச் சுருங்கும். பரணில் இருபத்தோரு வருஷம் நடந்தது அதுதான்.

அதற்கும் அடியில் தச்சர்கள் வைக்கும் வெள்ளைப் பசை, தேன் நிறத்தில் தோடுதோடாக. அது லால்குடிக்கு அடுத்த வாரம். மரத்துக்கும் துணிக்கும் அது நல்ல பசைதான். ஆனால் தண்ணீர் உறிஞ்சப்படும் இடத்தில்தான் அது பிடிக்கும். இங்கே மரத்தின் மேலும் துணியின் மேலும் ஏற்கெனவே ரப்பர் பூச்சு. தண்ணீர் எங்கே போகும்? ராத்திரி முழுக்கச் செங்கல்லைப் பாரம் வைத்தோம். காலையில் செங்கல்லை எடுத்தோம், பசையோடு ரெக்ஸினும் எழுந்து வந்தது. ஆத்திரத்தில் அண்ணன் அடித்த நான்கு சிற்றாணிகளின் துருத் தடம் அதில் இன்னும் இருந்தது.

எல்லாவற்றுக்கும் கீழே, 1983-இன் பசை. பழுப்பு நிறம், நெற்றித் திருநீறுபோலத் தொட்டால் உதிர்கிறது. அது மட்டும் உப்புத்தாளுக்குச் சுலபமாக வழிவிட்டது. அதன் பிறகு மரம்.

இரண்டு மணி நேரம் ஆயிற்று. தேய்த்து முடிந்ததும் பாய் பழைய துணியில் தின்னர் தொட்டு மரத்தைத் துடைத்தார். ரெக்ஸினின் வெளிப்பக்கம் பட்டுவிடாமல் பார்த்துக்கொண்டார். அடிப்பக்கத்தில் ஒரு ஓரம் தொட்டுக் காட்டினார், துணியில் பச்சை ஏறியது. மண்ணெண்ணெய் போட்டால் சுலபமாகப் போகுமே என்றேன். போகும், ஆனால் எண்ணெய்ப் பசை மரத்தில் நிற்கும், அப்புறம் எந்தப் பசையும் ஏறாது என்றார். பிறகு பெட்டியைத் தூக்கித் தெருவோரம் வெயிலில் வைத்தார். அரை மணியில் அந்த விறைத்த தோல் கொஞ்சம் மனமிளகியது. கையால் நீவி நீவி இழுத்துப் பார்த்தார். முன்விளிம்பு எட்டியது. பக்கவாட்டில் மட்டும் ஒரு நூல் அளவு இடைவெளி நின்றுபோனது. தச்சர் கணக்கில் அங்குலத்தில் எட்டில் ஒரு பாகம். “அது அவ்வளவுதான். சுருங்குனது சுருங்குனதுதான். இழுத்து ஒட்டுனா அடுத்த கோடைக்கே பிச்சுக்கும்” என்று விட்டுவிட்டார்.

கொட்டாங்கச்சியில் மஞ்சள் பசையை ஊற்றினார். அட்டைத் துண்டால் மரத்தில் ஒரு பூச்சு, அதை மரம் குடித்த பிறகு இன்னொரு பூச்சு. துணிப்பக்கம் ஒரு பூச்சு. பீடியோடு வந்த பக்கத்துக் கடைக்காரரைக் கையாலேயே அப்பால் விரட்டினார். பிறகு டீ சொன்னார்.

டீ வந்தது, குடித்தோம். பாய் ஒட்டவில்லை. நான் பெட்டியைப் பார்ப்பதும் அவரைப் பார்ப்பதுமாக இருந்தேன். காய்ந்துவிடுமே என்று பதறியது எனக்கு. புதுக்கோட்டைச் சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வருகிறாற்போலவே இருந்தது. “காயணும் தம்பி” என்றார் பாய். இரண்டு பக்கமும் காய்ந்த பசையும் பசையும் தொட்டால்தான் கவ்விக்கொள்ளும். ஈரத்தோடு மூடிவிட்டால் கரைப்பான் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே கிடந்து இளகும். கால் மணி கழித்துப் புறவிரலால் தொட்டுப் பார்த்தார். விரலில் ஒட்டவில்லை. நான் அத்தனை வருஷமும் கெட்டுப்போன பசை என்று தூக்கி எறிந்திருக்கக்கூடிய பதம் அது.

அந்தப் பதத்தில் இரண்டாம் வாய்ப்பு கிடையாது. தொட்டால் தொட்டதுதான், நகர்த்த முடியாது. அதற்காகப் பாய் வழவழப்பான பழைய காலண்டர் தாளை மரத்துக்கும் ரெக்ஸினுக்கும் நடுவே வைத்து, தோலைச் சரியான இடத்தில் படியவைத்துவிட்டு, ஒட்டியிருந்த பக்கத்திலிருந்து உரிந்த விளிம்பை நோக்கித் தாளை அங்குலம் அங்குலமாக உருவினார். உருவ உருவக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போனார். எழுத்துகள் இரண்டும் தங்கள் இடத்துக்கு வந்து சேர்ந்தன. பிறகு கோலி சோடா பாட்டிலைப் படுக்கவைத்துச் சப்பாத்திக் கட்டைபோல உருட்டினார். மூலையில் மடிப்பைச் சாய்வாக வெட்டி, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் சேர்த்து, சுத்தியல் பிடியால் தட்டினார். ஓரிடத்தில் காற்றுக் குமிழ் ஒன்று நின்றது. தையல் ஊசியால் குத்தி அமுக்கினார். அந்த ஒரு நூல் இடைவெளியில் கறுப்பு ஷூ பாலிஷைத் தடவச் சொன்னார். தடவினேன். இரண்டடி தள்ளி நின்றால் தெரியவில்லை, எனக்குத் தெரிந்தது.

எலெக்ட்ரானிக்ஸ் வேலையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. காய்ந்துபோன கண்டென்சர்கள் நான்கை மாற்றினான் ஒரு பையன். 2என்3055 இரண்டும் அதே பழையவைதான், உயிரோடு இருந்தன.

பெட்டியைக் கூடத்தில் கொண்டுவந்து வைத்தபோது அண்ணன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கினார், திரும்பவும் பேப்பருக்குள் போனார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்துவந்து குனிந்து, அந்த மூலையை நகத்தால் நெம்பிப் பார்த்தார். வரவில்லை.

“எவ்வளவு ஆச்சு?”

சொன்னேன்.

“அந்தக் காசுக்குப் புது ரெக்ஸினே போட்டிருக்கலாமேடா.”

சாயங்காலம் பீரோவுக்குப் பின்னாலிருந்து கிட்டாரை எடுத்தார். கல்கத்தா கிவ்ஸன், கம்பி துரு. ஆறாம் கம்பியைக் கொஞ்சம் ஏற்றி இறக்கிச் சுதி சேர்த்தார். நாற்காலியைப் பெட்டிக்கு முன்னால் இழுத்துப் போட்டு, அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். விரல் தடித்திருந்தது, கார்ட் சுத்தமாக விழவில்லை. மூன்று நான்கு முறை தடவிவிட்டு ஆறாம் கம்பியில் ஜி சுரத்தை ஒற்றையாகத் தட்டினார். முழுசாக, உருண்டையாக வந்தது. இரைச்சல் இல்லை.

அவருடைய இடது குதிகால் பின்னால் போய் அந்த மூலையை அழுத்திக்கொண்டிருந்தது.